கடைசி பஸ் போன பிறகு

வணக்கம். ஒயின் ஊர்களைப் பற்றி ரேடியோவில் பேசப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டது, "நீங்கதான் தொடவே மாட்டீங்களே, உங்களுக்கு அங்க என்ன வேலை?" நியாயமான கேள்விதான். ஆனால் காப்பி குடிக்காதவர்கள் ஏற்காடு போவதில்லையா?

ஏற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் வரிசையில் நின்று, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்து, மிளகாய் பஜ்ஜி தின்று, ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் காப்பியை, இதோ இந்த மார்கழியில் மலை முழுக்கப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். பழத்தின் தோலை நீக்கி, தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவிக் களத்தில் பரப்புவார்கள். அந்தத் தொட்டியோரம் ஒரு புளித்த வாசனை வரும், பழைய சோற்றுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில். அது மூக்கில் ஏறியவருக்கு ஏற்காடு வேறு ஊர். ஒயின் ஊர் தேடும்போதும் எனக்கு வேண்டியது அதுதான். தொழில் இன்னும் ஊருக்குள் நடக்க வேண்டும், டூர் பஸ்கள் போன பிறகு நான் அங்கே இருக்க வேண்டும்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை மூன்று நாளில் ஐந்து ஊர் காட்டும் பஸ்ஸில் போனோம். எந்த போட்டோ எந்த ஊர் என்று இன்றைக்கும் வீட்டில் தகராறு.

சரி, எங்கே போகலாம்? பிரான்சில் பர்கண்டி பகுதியில் போன் என்று ஓர் ஊர். டெலிபோன் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான். டிஷோனிலிருந்து ரயிலில் அரை மணிகூட ஆகாது, பழைய மதிலுக்குள் எல்லாமே நடக்கிற தூரம். அங்கே 1443-இல் நிக்கோலா ரோலான் என்ற அதிகாரியும் அவர் மனைவியும் ஏழைகளுக்காக ஒரு ஆஸ்பத்திரி கட்டினார்கள், முற்றத்துப் பக்கக் கூரையில் வண்ண ஓடு. நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பது போல, அங்கே ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டம் எழுதி வைத்தார்கள். அந்தத் தோட்டத்து ஒயினை 1859 முதல் ஏலம் விடுகிறார்கள், இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறு. அந்த வாரம் மட்டும் போகாதீர்கள், ரூம் கிடைக்காது.

பிரான்சிலேயே சாந்த் எமிலியோன் என்ற இன்னொரு ஒயின் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். பாறையைக் குடைந்து செய்த தேவாலயம், 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தோட்டங்கள், எல்லாம் உண்மை. ஆனால் சந்துகள் செங்குத்து, தரையெல்லாம் வழுக்கும் கல். மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்குக்கு. போர்ட்டோ நகரத்தில் ரயில் ஏறும்போது வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள், கொஞ்ச நேரம் கழித்து ஆறு அந்தப் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும். 1756-இல் தொடங்கி இந்தத் தோட்டங்களுக்கு எல்லை வகுத்து, கருங்கல் நட்டு, இதற்குள் விளைந்தால்தான் போர்ட் ஒயின் என்று சட்டம் போட்டார்கள். இப்போதும் சில தோட்டங்களில் கல்தொட்டியில் பழத்தைக் கொட்டி, தோளோடு தோள் சேர்த்து மிதிக்கிறார்கள். பின்யாவ் என்ற சின்ன ஊரில் இறங்குங்கள். ஸ்டேஷன் சுவரிலேயே இந்த அறுவடை முழுக்க நீல ஓடுகளில் வரைந்திருக்கிறது. மூன்று ராத்திரி இருங்கள், ஆற்றங்கரையில் சும்மா உட்காருங்கள்.

எப்போது போவது? செப்டம்பரில் அறுவடை கண்ணுக்கு விருந்துதான், ஆனால் சின்னத் தோட்டக்காரர் உங்களிடம் பேச நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். பேச்சுத் துணை வேண்டுமென்றால் மே மாதம். அப்புறம், என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம்: வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் மோந்து பார்ப்பதோடு சரி.

ஐரோப்பா செலவு கட்டாது என்பவர்கள் ஜார்ஜியா நாட்டுச் சிக்னாகியைப் பாருங்கள். மதில் சூழ்ந்த மலையூர், ஏறக்குறைய நம் ஏற்காட்டு வாகு. அந்த நாட்டில் 8,000 வருடமாகத் திராட்சையைப் புளிக்க வைக்கிறார்கள். பானைக்கு உள்ளே தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்து வைப்பார்கள். பெரிய பானை என்றால் குதிர் மாதிரி, ஆளே உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும். தெருவோரக் கடைகளில் பழுப்பும் சிவப்புமாக என்னவோ கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மெழுகுவர்த்தி என்றே நினைத்தேன். சுர்ச்கேலாவாம். வால்நட்டை நூலில் கோத்து, திராட்சைச் சாற்றில் மாவு போட்டுக் காய்ச்சிய கூழில் முக்கி முக்கிக் காயவைத்த தின்பண்டம். விற்ற அம்மாவுக்கும் என் மனைவிக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனாலும் கால் மணி நேரம் பேரம் பேசி நாலு வாங்கிவிட்டார். அதைச் சேலம் கொண்டுவந்து சாமி அலமாரியில் வைத்திருந்தோம்; கரண்டு போன அன்றைக்கு என் பேரன் தீப்பெட்டியோடு வந்து நிற்கிறான். வணக்கம்.