எடிட்டரில் ஓடவிட்டால் எல்லா வரியும் கடைசியில் ஏன் கொட்டுகிறது?

[திரை: எடிட்டரின் வெளியீட்டுப் பலகம். ஒன்றும் நகரவில்லை.]

வணக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, மூன்று மாத பில்களைக் கூட்டிச் சொல்ல ஒரு பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் கணக்கு முடிந்தால் ஒரு வரி வரவேண்டும். எடிட்டரில் ஓடவிட்டேன். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை.

"ஏ தம்பி, ஓடுதா, நின்னுட்டா?" என்றார். பதில் சொல்வதற்குள் தொண்ணூறு வரியும் மொத்தமாக வந்து விழுந்தது. அதையே டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ஓட்டினால் வரி வரியாக வருகிறது!

[திரை: இரண்டு பெட்டிகள், நடுவில் குழாய்.]

ரன் பட்டனை அழுத்தினால் எடிட்டர் நம் நிரலைத் தனக்குள் ஓட்டுவதில்லை. அதைத் தனியாக ஓடும் ஒரு வேலையாக, அதாவது ஒரு பிராசஸாக, தொடங்கிவிடுகிறது. நிரல் முடிவில்லாத லூப்பில் மாட்டினாலும் எடிட்டர் பிழைத்துக்கொள்ளும். எல்லா எடிட்டரிலும் இது முதலிலிருந்தே இல்லை: விம் என்ற எடிட்டரில் இப்படிப் பின்னணியில் ஓட்டும் 'ஜாப்' வசதி 2016-ல், 8-ஆம் பதிப்போடுதான் வந்தது. அதில் கட்டளைக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு ஓட்டும் பழைய வழியில், முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சரி, அந்த பிராசஸுக்கு மூன்று வாசல்: 0 உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. வெளியீட்டுப் பலகத்தில் காட்ட, எடிட்டர் 1-லும் 2-லும் குழாய் (பைப்) மாட்டுகிறது; நிரல் எழுதுவது அதன் வழியாக எடிட்டருக்கு வரும்.

வினை அங்கேதான். எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று பைத்தான் பார்க்கும். இருந்தால், ஒரு வரி முடிந்ததும் அனுப்பும். குழாய் என்றால் ஜங்ஷன் ஷேர் ஆட்டோ கதை, ஆள் நிறைந்தால்தான் வண்டி எடுக்கும். பைத்தானின் பல பதிப்புகளில் அந்த வண்டியின் கொள்ளளவு 8192 பைட். தொண்ணூறு சின்ன வரிகளால் அது நிறையவில்லை. நிரல் முடிந்தபோதுதான் கிளம்பியது.

இன்னொரு வம்பு. பைத்தான் 3.9 பதிப்பிலிருந்து பிழைச்செய்தி எங்கே போனாலும் வரி வரியாகவே போகும். அதனால் பிழை முதலிலும், அதற்கு முன்னால் அச்சிட்ட வரிகள் பின்னாலும் வரலாம். இந்த வரிசையை நம்பி ஒரு மாலை முழுக்கத் தவறான இடத்தைத் தோண்டியிருக்கிறேன்.

[திரை: கட்டளை வரி.]

பைத்தான் என்று அடித்து, இடைவெளி விட்டு, மைனஸ் குறியும் சின்ன 'யூ'வும் (-u) போட்டு, பிறகு நிரல் கோப்பின் பெயரைக் கொடுங்கள். தேக்கம் போய்விடும். ஒரே ஒரு பிரிண்டுக்கு மட்டும் வேண்டுமென்றால் அதற்குள் 'ஃப்ளஷ் = ட்ரூ' போதும்.

பயனரிடம் கேள்வி கேட்கும் நிரலை மட்டும் வெளியீட்டுப் பலகத்தில் ஓட்டாதீர்கள். பல பலகங்களில் தட்டச்சே செய்ய முடியாது. எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினலில் ஓட்டுங்கள்.

அண்ணாச்சி கடையில் மைனஸ் யூதான் போட்டிருக்கிறேன். இப்போது வரி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பொட்டலம் மடிக்கிறார்.