ஒருவன் செய்ததற்கு ஊரைப் பிடிப்பதா?

(தருமபுரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நம் ஆள் ஒருவன் கேஸில் மாட்டினால், "அவன் செஞ்சதுக்கு எங்களை ஏன் இழுக்கிறீங்க?" என்கிறோம். அடுத்த சாதிக்காரன் மாட்டினால், "அவனுங்களே அப்படித்தான்" என்கிறோம். இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே போனார்கள். வெட்டியது யார், வாங்கியது யார், பணம் பார்த்தது யார் என்ற விசாரணையே இல்லை. மலைவாழ் மக்களின் ஊர், ஆகவே ஊரே திருட்டு ஊர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கைக்குழந்தை முதல் கிழவி வரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், குடிக்கிற கிணற்றில் டீசலை ஊற்றினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்.

அந்தப் பெண்கள் திருப்பி என்ன செய்தார்கள் தெரியுமா? "காக்கிச் சட்டை எல்லாம் ஒண்ணுதான்" என்று விட்டுவிடவில்லை. இவன்தான் என்று ஆளைக் காட்டினார்கள். 19 வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று இதே தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேருமே குற்றவாளிகள். 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும் என்றது. படித்த அதிகாரிகள் ஊரை மொத்தமாகப் பிடித்தார்கள். படிக்காத அந்தப் பெண்கள் ஆளைப் பார்த்துப் பிடித்தார்கள். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

சரி, 2012 நவம்பர் 7-க்கு வருவோம். அங்கே குற்றம் என்று ஒன்று இருந்ததா? இரண்டு பேர் சாதி பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் உயிரை விட்டார்; அந்தத் துயரம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் பையனின் சாதிக்காரர்களுடைய 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அந்தக் கல்யாணத்துக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம்? அதுவும்தான் சாம்பலானது.

இதைக் கேட்டுவிட்டு, எரித்தவர்களின் சாதியையே திட்டக் கிளம்பினால் நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். கொளுத்தியவனுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. அவனைக் கேட்க வேண்டும்.

அப்படியானால் மற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 16-ஆவது பிரிவைப் பாருங்கள். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு பகுதி மக்கள்மீது கூட்டு அபராதம் போட அது வழி செய்கிறது. குற்றத்துக்குத் துணைபோவது, குற்றவாளியை ஒளித்து வைப்பது, பிடிக்க உதவ மறுப்பது, சாட்சியத்தை மறைப்பது என்று காரணங்களைச் சொல்கிறது. அப்போதும்கூடத் தனக்கு விலக்கு வேண்டும் என்று ஒருவர் மனுப் போடலாம். இன்ன சாதியில் பிறந்தாய், கட்டு என்று சட்டம் சொல்லவில்லை. நீ கண்டதை மூடி மறைத்தாயா என்றுதான் கேட்கிறது.

அதனால் இங்கே வந்திருக்கும் சங்க நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். நம் பையன் கைதானால் அவனுக்கு வக்கீல் வைக்கட்டும், அது அவன் உரிமை. ஊர்ப் பணத்தில் அவனுக்கு பேனர் கட்டாதீர்கள். சாட்சி சொல்லப் போகும் நம் தெருக்காரர் வீட்டுக்கு ராத்திரியில் ஆள் அனுப்பாதீர்கள். வாய்தா நாளில் அவரோடு இரண்டு பேர் பஸ் ஏறுங்கள். கோர்ட் வாசலில் அவர் தனியாக நிற்க வேண்டாம்.