பெரியகுளத்திலிருந்து ஏறி வந்த வழி

அனைவருக்கும் வணக்கம்.

இன்று நாம் கொடைக்கானலுக்குப் பேருந்திலும் காரிலும் வந்து இறங்குகிறோம். 1914-இல் லாஸ் காட் என்ற மலைச்சாலை இந்த ஊரை எட்டுவதற்கு முன்பு, இன்று கொடை ரோடு ரயில் நிலையம் இருக்கிற அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் போக வேண்டும். அப்புறம் அடிவாரத்திலிருந்து நடை, இல்லையென்றால் குதிரை. வசதியானவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். கும்பக்கரை, வெள்ளகவி, செண்பகனூர் என்று ஏறிய அந்தப் பாதையில்தான் ஊருக்கான சாமான்களும் வந்தன. 1863-இல் ஏரியை உண்டாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்சின் பெயர் நமக்குத் தெரியும். ஆங்கிலேய அதிகாரி கோக்கரின் பெயரில் ஒரு நடைபாதையே இருக்கிறது. சுமந்தவர்களின் பெயரில் ஒரு வளைவைக்கூட நான் பார்த்ததில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

பழைய தடங்களைத் தேடிக் காட்டுக்குள் போகிற இளைஞர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். காட்டில் தெரிகிற ஒற்றையடித் தடமெல்லாம் மனிதர் நடந்ததல்ல. காட்டு மாடு போட்ட தடம் தண்ணீருக்கும் புல்லுக்கும் இறங்கும், நாலாகப் பிரியும், புதருக்குள் மறைந்துவிடும். பொதி ஏற்றிய குதிரைக்காக வெட்டிய பாதை அப்படிப் போகாது. சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் வளைந்து வளைந்து, ஏற்றத்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு போகும். பள்ளத்துப் பக்கம் பாசி பிடித்த கட்டுக்கல் வரிசை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சோலைக்குள் இந்த அடையாளங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. புல்வெளியாக இருந்து வாட்டில், பைன் என்ற வெளிநாட்டு மரங்கள் ஏறிவிட்ட இடங்களில்தான் சிரமம். மரம் அடர்ந்து, சருகு மூடி, தடமே இல்லாமல் போய்விடுகிறது.

ஆனால் நடக்கிற கால் இருக்கும்வரை பாதை அழியாது. வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கம் இல்லை. நெடுங்காலம் சாலை இல்லாத அந்த ஊருக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் போயின, நோயாளியை டோலி கட்டித் தூக்கினார்கள். பாதை இன்றைக்கும் துலக்கமாக இருப்பதற்கு அவர்கள் பட்ட பாடுதான் காரணம். நாம் ரசித்து நடப்பதற்காக அவர்கள் சாலை இல்லாமலே இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாலையும் வரட்டும், பாதையும் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் 23 உயிர்கள் போயின. புல் காய்ந்த கோடையில், அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல், பாதை கண்டுபிடிக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். புதிதாக ஒரு தடம் கிடைத்தால் அதன் வரைபடத்தை அன்றிரவே ஊருக்கெல்லாம் அனுப்பவும் வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்து மக்களிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள். அது யானை இறங்கும் வழியாக இருக்கலாம், இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் தேனெடுக்கப் போகும் வழியாகவும் இருக்கலாம்.

பெரியகுளத்திலிருந்து ஏறும் அந்தப் பழைய பாதையில் எங்கே சுமை இறக்கினார்கள், எந்த ஊற்றில் தண்ணீர் குடித்தார்கள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். உங்கள் வீட்டில் பொதிக்குதிரை ஓட்டிய தாத்தாவோ, தலைச்சுமையோடு சந்தைக்கு இறங்கிய பாட்டியோ இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே நடந்து வருகிறேன்.