சர்க்கஸ்காரர் வீட்டுல ரூபன்ஸுக்கு என்ன வேலை?

வணக்கம் மக்களே! இப்ப நான் நிக்கிறது ஃப்ளோரிடாவுல, சரசோட்டா. பின்னாடி ரோஸ் கலர்ல நீளமா ஒரு கட்டடம் தெரியுதா? அதான் ரிங்லிங் மியூசியம். ஆமா, அதே சர்க்கஸ் ரிங்லிங்தான். 1884-ல விஸ்கான்சின்ல பாராபூங்கிற சின்ன ஊர்ல அண்ணன் தம்பி அஞ்சு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச சர்க்கஸ். அதுல ஒருத்தர் ஜான். அவரும் அவர் மனைவி மேபிளும் வாழ்ந்த இடம் இது. வீடு அந்தப் பக்கம், தண்ணியைப் பாத்த மாதிரி இருக்கு, 1926-ல கட்டி முடிச்சாங்க. அடுத்த வருஷமே மொத்த சர்க்கஸும் குளிர்காலத்துக்கு இந்த ஊர்ல வந்து தங்க ஆரம்பிச்சுது.

சரி, உள்ள வந்தாச்சு. அப்பா... இருங்க, கேமராவைக் கொஞ்சம் தூக்குறேன். என்ன பெரிய ஓவியங்க! நிறைய படம் 14 அடிக்கு மேல உயரம். வரைஞ்சது ரூபன்ஸ், நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல இருந்த பெரிய ஓவியர். பின்னால வர எனக்கு இடம் பத்தல!

சர்க்கஸ் முதலாளிக்குக் காசு சேர்ந்துச்சு, கௌரவத்துக்காகப் பழைய ஓவியத்தை வாங்கிக் குவிச்சார்னு ஒரு பேச்சு உண்டு. கௌரவம் இல்லாம இருக்காது. ஆனா அது மட்டும்தான் காரணம்னு நான் நம்பல. இதை நல்லா பாருங்க. மேல சின்னச் சின்ன தேவதைக் குழந்தைங்க பெரிய துணி ஒண்ணை இழுத்துப் பிடிச்சுத் தொங்க விடுறாங்க. பைபிள்ல வர்ற ஆபிரகாம் கதை நடக்கிறதே அந்தத் துணிக்குள்ளதான். கூடாரம் தூக்கிக் கட்டுற ஆளுங்க மாதிரியே இல்ல? இதுல மயங்காம ஒரு சர்க்கஸ்காரர் எப்படிப் போவார்!

இன்னொண்ணு. சுவத்துல மாட்டி ரசிக்கணும்னு வரைஞ்சது இல்ல இதெல்லாம். 1620-கள்ல ஸ்பெயின் இளவரசி இசபெல், மாட்ரிட்ல ஒரு கன்னியர் மடத்துல தொங்க விட, படம் நெய்த திரைச்சீலைக்கு டிசைன் பண்ணச் சொல்லி ரூபன்ஸ்கிட்ட கேட்டாங்க. நெசவாளிங்க பாத்து நெய்யறதுக்கான மாதிரிப் படம்தான் இது. நெய்யும்போது இடம் வலமா மாறிடும்ங்கிறதால படமே திருப்பிப் போட்டு வரைஞ்சிருக்கு. ரூபன்ஸும் ஒத்தை ஆளா உக்காந்து வரையல. பட்டறை நிறைய உதவியாளர்ங்க, ஆளுக்கு ஒரு பகுதின்னு வேலை ஓடும், கடைசியில மாஸ்டர் கை வைப்பார். பெரிய கம்பெனி நடத்தின மனுஷன். ஜானுக்கு அந்த ஆள் புரிஞ்சிருப்பார்னுதான் எனக்குத் தோணுது.

லண்டன்ல ஒரு டியூக் (பெரிய பிரபு) குடும்பத்துக்கிட்ட இருந்து 1926-ல இந்த ரூபன்ஸ் படங்கள்ல நாலை ஜான் வாங்கினார். எந்த வீட்டுக்குள்ளயும் அடங்காத சைஸ், அதனால இந்த ஹாலையே படத்துக்குத் தகுந்த மாதிரி கட்டினாங்க. அஞ்சாவது படத்தை மியூசியம் 1980-ல வாங்கிச்சு. மேபிள் இதெல்லாம் முழுசா பாக்கல. 1929-லயே போய்ட்டாங்க. மியூசியம் 1931-ல திறந்துச்சு. பொருளாதாரமே படுத்துக் கிடந்த நேரம். 1936-ல ஜான் சாகும்போது கையில பெருசா ரொக்கம் இல்ல. வீடு, படம் எல்லாத்தையும் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு எழுதி வச்சிட்டார். கடன்காரங்க, உறவுக்காரங்க கேஸ் எல்லாம் தீர்ந்து அரசாங்கத்து கைக்கு வர 1946 ஆயிடுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரூபன்ஸ் கூட இல்ல. வீட்டு பால்ரூம் மேற்கூரையை வில்லி போகனின்னு ஹங்கேரியில பிறந்த ஒரு ஓவியர் வரைஞ்சிருக்கார். நாடக செட் எல்லாம் போட்டவர். ஒவ்வொரு நாட்டு ஆட்டமும் ஜோடி ஜோடியா இருக்கு. மூணாவது மாடியில ஜானையும் மேபிளையும் வேஷம் கட்டின கோலத்துல வரைஞ்சு, கூடவே தன்னையும் சேத்து வரைஞ்சிக்கிட்டார் மனுஷன்! அங்க பெருமையை விட குறும்புதான் ஜாஸ்தி.

ஓவிய மியூசியம் திங்கக்கிழமை இலவசம். வீட்டுக்கு மட்டும் தனி டிக்கெட், மாடிக்கு வேற டூர் எடுக்கணும். நான் வீட்டுப் பக்கம்தான் போறேன், வாங்க.