ஊர்சனமாகப் பாடுகிறவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஆப்பராவைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், பெரிய தனிப்பாடகர்களின் கதையைத்தான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். நான் இன்று அவர்களுக்குப் பின்னால் கூட்டமாக நின்று சேர்ந்து பாடும் கோரஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நாள் கைதிகள், ஒரு நாள் சிப்பாய்கள், இன்னொரு நாள் மீனவக் கிராமம் என்று இரவுக்கு இரவு வேறு ஊர்சனமாக மாறிப் பாடுகிறவர்கள் அவர்கள்.

தனிப்பாடகர் சில வார ஒப்பந்தத்தில் வருவார், தன் காட்சிகளைப் பாடி முடிப்பார், அடுத்த நாட்டுக்கு விமானம் ஏறிவிடுவார். இயக்குநர்களும் அப்படித்தான், கையசைத்து இசையை வழிநடத்தும் நடத்துனர்களில் பலரும் அப்படித்தான். பாடகர்களில் அந்தக் கட்டடத்திலேயே வேலை பார்த்துக் காலம் கழிப்பவர்கள் கோரஸ்காரர்கள்தான். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் முழுநேரக் கோரஸ் பாடகர்கள் ஏறக்குறைய 80 பேர். பெரிய கூட்டம் தேவைப்படும் படைப்புகளுக்குக் கூடுதல் ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே அடுத்தடுத்த இரவுகளில் வேறு வேறு ஆப்பராக்கள் நடக்கும். பகலில் ரஷ்ய மொழிப் படைப்புக்கு ஒத்திகை, இரவில் இத்தாலிய மொழிப் படைப்பில் மேடை என்பதெல்லாம் அவர்களுக்குச் சாதாரணம். எல்லாம் மனப்பாடம். மேடையில் கையில் தாள் இருக்காது.

இவர்களைத் தயார் செய்பவர் கோரஸ் மாஸ்டர். மேடை ஒத்திகை தொடங்குவதற்கு வெகு முன்பே, ஒரு பியானோவை வைத்துக்கொண்டு அவர் வேலையை ஆரம்பித்துவிடுவார். முதலில் சுரமும் தாளமும், அப்புறம் உச்சரிப்பு. ஜெர்மன் சொற்கள் பல ‘ட்’ என்று முடியும். எண்பது பேரும் அந்த ‘ட்’டை ஒரே கணத்தில் வைக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் வைத்தால் தகரக் கூரையில் தூறல் விழுந்த மாதிரி சிதறிவிடும். அதனால் தாளத்தின் எந்தத் தட்டில் சொல்லை முடிப்பது என்று கோரஸ் மாஸ்டர் சொல்லச் சொல்ல, எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். மூச்சு விஷயம் இதற்கு நேர் எதிர். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இசையில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்காத இடமாகப் பார்த்து நீங்கள் வாங்க வேண்டும், திரும்ப நுழைவது யாருக்கும் தெரியாமல் நுழைய வேண்டும். இத்தனைக்கும் ஒவ்வொருவரும் ஒலிபெருக்கி இல்லாமல் பெரிய அரங்கை நிரப்பப் பயின்ற பாடகர்.

தனிப்பாடகராக முடியாதவர்கள் ஒதுங்கும் இடம்தான் கோரஸ் என்று ஓர் எண்ணம் உண்டு. இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் விழாக் கோரஸில் பாடியவர்கள்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஜேனட் பேக்கரும் தாமஸ் ஆலனும். ஆனாலும் இந்த உதாரணத்தை நான் அரை மனதோடுதான் சொல்கிறேன். கோரஸை ஏணியாக மட்டும் பார்ப்பதும் அதைக் குறைத்து மதிப்பதுதான். பல ஆண்டுகள் கோரஸிலேயே பாடி ஓய்வு பெறுகிறவர், கடினமான ஒரு தொழிலை முழுமையாகச் செய்து முடித்தவர்.

அந்தத் தொழில் ஒரே நாளில் இன்றைய வடிவத்துக்கு வரவில்லை. 1875-இல் பாரிஸின் ஆப்பரா-காமிக் அரங்கில் இசையமைப்பாளர் பிஸேயின் ‘கார்மென்’ ஒத்திகை நடந்தபோது கோரஸ் பெண்கள் முரண்டு பிடித்தார்கள். வரிசையாக நின்று, நடத்துனரைப் பார்த்துப் பாடியே பழகியவர்கள் அவர்கள். இங்கேயோ சிகரெட் பிடித்துக்கொண்டு ஒருவர் இருவராக மேடைக்கு வரச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டபடியே பாடச் சொன்னார்கள். இதைப் பாடவே முடியாது என்றார்கள், வேலைநிறுத்தம் செய்வோம் என்றுகூட மிரட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஓடிக்கொண்டும் திரும்பி நின்றுகொண்டும் தாளம் தப்பாமல் பாடுவது புதிய திறமை. அதை முதலில் கற்றுக்கொள்ள நேர்ந்தவர்கள் அவர்கள். இன்று கோரஸில் சேர வருகிற ஒருவரிடம் இதெல்லாம் இருக்கும் என்றே எதிர்பார்க்கிறார்கள்.

மேடையில் தெரியாமலே செய்யும் வேலையும் உண்டு. புச்சினியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’யில், கணவனின் கப்பல் வந்துவிட்டது என்று இரவெல்லாம் நாயகி காத்திருக்கும் இடத்தில், கோரஸ் திரைமறைவில் வாய் மூடி முனகலாகப் பாடும். சொல் ஒன்றுகூடக் கிடையாது. நடத்துனர் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார். உதவி நடத்துனர் ஒருவர் தொலைக்காட்சித் திரையில் அவருடைய கையைப் பார்த்து இவர்களுக்குக் கையசைப்பார். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். காதில் விழும் வாத்திய இசையோடு சேர்ந்து பாடினால், அரங்கில் இருப்பவர்களுக்கு அது பின்தங்கித்தான் கேட்கும். அதனால் காதை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்பி, தங்களுக்குக் கேட்கும் இசைக்குச் சற்று முன்னதாகவே பாட வேண்டும். இத்தனை பேரும் ஒரே அளவு முந்த வேண்டும், அதுவும் மிக மெல்லிய குரலில்.

சரி, கோரஸ் அழகான பின்னணி மட்டும்தானா? முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கோதுனோவ்’ ஆப்பராவைப் பாருங்கள். 1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. தொடக்கக் காட்சியில் மடத்துச் சுவருக்கு வெளியே மக்கள் கூடியிருக்கிறார்கள். தடியோடு வரும் காவல் அதிகாரி, போரிஸ் மன்னனாக முடிசூட வேண்டும் என்று மண்டியிட்டு அழச் சொல்லி மிரட்டுகிறான். கூட்டம் அழுகிறது. அவன் நகர்ந்ததும் ஒருவர், நாம் எதற்காகக் கத்துகிறோம் என்று பக்கத்து ஆளைக் கேட்கிறார். அவருக்கும் தெரியவில்லை. இந்தச் சின்னச் சின்ன வரிகள் கோரஸுக்குள் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. மிரட்டி வாங்கிய வாழ்த்தொலியில்தான் ஓர் ஆட்சி பிறக்கிறது என்பதை அந்தக் கூட்டத்தைத் தவிர வேறு எந்தப் பாத்திரமும் நமக்குச் சொல்ல முடியாது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘பீட்டர் கிரைம்ஸ்’ (1945) இன்னும் கொடியது. அதில் ஒரு கிராமமே திரண்டு ஒரு தனிமனிதனின் பெயரைக் கூவிக்கொண்டு அவனைத் தேடிக் கிளம்புகிறது. கோரஸ்காரர்கள் தங்களுக்குள்ளே இருக்கும் வெறுப்பைக் கூச்சமில்லாமல் வெளியே கொண்டுவந்தால்தான் அந்தக் காட்சி நிற்கும்.

இப்போது ரோமுக்கு வருகிறேன். வெர்டியின் ‘நபுக்கோ’ 1842-இல் மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேறியது. நாடிழந்த அடிமைகள் பாடும் ‘வா பென்சியேரோ’ அதில்தான் வருகிறது. எல்லாக் குரலும் ஒரே மெட்டில் அடங்கிய தொனியில் தொடங்கி, நடுவே திடீரென்று பல சுரங்களாக விரிந்து முழங்கும். 2011 மார்ச்சில் ரோம் ஆப்பராவில் நடத்துனர் ரிக்கார்டோ முட்டி இதை நடத்தினார். இத்தாலி ஒன்றுபட்டதன் 150-ஆம் ஆண்டு அது. மீண்டும் பாடச் சொல்லி ஆரவாரம் எழுந்தது. முட்டி திரும்பி நின்று, கலைகளுக்கான நிதி வெட்டப்படுவதைப் பற்றிப் பேசி, அவையினரையும் சேர்ந்து பாட அழைத்தார். மேடையில் கோரஸ்காரர்கள் பலர் அழுதுவிட்டார்கள். மூன்றரை ஆண்டு கழித்து, 2014 அக்டோபரில், அதே அரங்கின் நிர்வாகக் குழு வாத்தியக் குழுவையும் கோரஸையும் மொத்தமாக வேலைநீக்கம் செய்யத் தீர்மானித்தது. 180-க்கும் மேற்பட்டவர்கள். நிரந்தர ஊழியர் வேண்டாம், வெளியிலிருந்து ஒப்பந்தத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களோடு உடன்பாடு ஏற்பட்டுத் தீர்மானம் கைவிடப்பட்டது. ஊழியர்கள் சலுகைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

லண்டனின் இங்கிலிஷ் நேஷனல் ஆப்பராவும் இதே வழியில்தான் போயிற்று. அதன் கோரஸும் வாத்தியக் குழுவும் 2016-இல் லண்டன் மேடைக் கலைகளுக்கான ஒலிவியே விருது பெற்றவை. 2022 நவம்பரில் அரசின் கலை மன்றம் அந்த நிறுவனத்தின் வழக்கமான மானியத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து, கோரஸை ஆண்டு முழுவதும் வைத்திருக்க முடியாது என்று நிர்வாகம் சொன்னது. 2024 பிப்ரவரி 1 அன்று நடக்கவிருந்த வேலைநிறுத்தம், ஆண்டுக்கு ஏழு மாத வேலைக்கு உறுதி என்ற உடன்பாட்டோடு கைவிடப்பட்டது.

ஏழு மாதமாவது கிடைத்ததே என்பார்கள். மீதி ஐந்து மாதம் அவர்கள் வேறு வேலைக்குப் போக வேண்டும். நல்ல வேலை கிடைத்தவர் திரும்பி வராமலும் போகலாம். ஒவ்வொரு படைப்புக்கும் புதிதாக ஆள் சேர்த்தால் சுரம் சரியாகத்தான் இருக்கும், தேர்ந்த பாடகர்கள் எங்கும் கிடைப்பார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது ஆண்டுக்கணக்கில் அருகில் நின்றால்தான் தெரியும். அதைக் கற்றுக்கொடுக்க எந்த ஒத்திகையிலும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆப்பரா நிறுவனங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பணம் குறையும்போது மேடை அலங்காரத்தைக் குறையுங்கள், படைப்புகளின் எண்ணிக்கையைக்கூடக் குறையுங்கள், கோரஸின் பன்னிரண்டு மாதத்தில் கை வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.