ஆந்தையோடும் மலைப்பாம்போடும் வகுப்பறைக்குள்

நேயர்களுக்கு வணக்கம். இறக்கை முறிந்து பறக்க முடியாமல் போன ஆந்தை, மனிதர் கையிலேயே வளர்ந்துவிட்ட மலைப்பாம்பு, ஆமை என்று திரும்பக் காட்டில் விட முடியாத விலங்குகளை, உரிய அனுமதியோடு பள்ளிகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும் வேலை ஒன்று உண்டு. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்றுதான் முதலில் தயார் செய்கிறார்கள். பேச்சு கடைசியில் வந்தால் போதும். கூண்டு கழுவுவதும் எடை போடுவதும்தான் முதல் பாடம்.

பறவையைத் தினமும் ஒரே நேரத்தில், தீனிக்கு முன், கிராம் கணக்கில் நிறுத்துக் குறித்துவைக்க வேண்டும். பறவை தன் நோயை வெளியே காட்டாது. எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். எடை தொடர்ந்து இறங்கினால் வண்டியில் ஏற்றக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாம்புக்குக் கணக்கு வேறு. இரை விழுங்கிய பின் குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது; பெரிய இரை என்றால் இன்னும் தள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் விழுங்கியதைக் கக்கிவிடும். புதியவர்கள் கடி வாங்குவதற்குப் பெரிய காரணம் கோபக்காரப் பாம்பு அல்ல, எலி வாசனை. எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விட்டால், பாம்புக்கு அந்தக் கையும் இரைதான். மலைப்பாம்பு கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் தோலும் கிழியும், பல்லும் உடையும். அசையாமல் நின்று, பாம்பின் வாயோரம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

பயணத்தில் பாம்பு துணிப்பைக்குள்ளும், பை பூட்டுள்ள காற்றுத்துளைப் பெட்டிக்குள்ளும் இருக்க வேண்டும். பையின் வாயை முறுக்கி, மடித்து முடிச்சுப் போட வேண்டும். சும்மா சுருக்கிக் கட்டிய பையிலிருந்து பாம்பு மூக்கை நுழைத்தே வெளியேறிவிடும். பறவைப் பெட்டியில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கும், சொரசொரப்பான விரிப்பு போடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூட எதையும் விட்டுப் போகாதீர்கள்.

வகுப்பறையில் பெட்டியைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். பறவைக்குக் கண்ணாடி தெரியாது. பிள்ளைகள் தரையில் உட்காரட்டும், முதல் வரிசைக்கும் உங்களுக்கும் இரண்டு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஆசிரியர் அறையை விட்டுப் போகக் கூடாது. கூட்டத்தை அடக்குவது அவர் வேலை, உங்கள் கண் விலங்கின் மேல்தான்.

ஆந்தையைக் கையுறையில் ஏற்றினால், முழங்கை உடம்போடு ஒட்டியும் முன்கை தரைக்கு இணையாகவும் இருக்க வேண்டும். மணிக்கட்டு தாழ்ந்தால் பறவை உயரமான இடம் தேடி உங்கள் தோளை நோக்கி ஏறிவரும். பயந்து பறக்க முயன்று காலில் கட்டியிருக்கும் தோல்வாரில் தலைகீழாகத் தொங்கினால், வாரைப் பிடித்துச் சுண்டாமல், மறு கையை முதுகுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கி உட்காரவையுங்கள். இறகுகளை உடம்போடு ஒட்டி ஒல்லியாக நீண்டு நிற்பதும், அலகைத் திறந்து மூச்சு வாங்குவதும், 'போதும்' என்பதன் அடையாளம். பேச்சைப் பாதியில் விட்டாவது பெட்டிக்குள் வையுங்கள். ஒரு விலங்குக்குப் பத்துப் பதினைந்து நிமிடமே ஏராளம்.

தொடவிடுவது பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு: ஆந்தையை யாரும் தொட வேண்டாம். பாம்பை, அதுவும் பழகியதை, இரண்டு விரலால், நடுவுடம்பில், தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவலாம். தலைப்பக்கம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். பிள்ளையின் கழுத்தில் போட்டுப் படமெடுப்பது வேண்டவே வேண்டாம். ஊர்வனவற்றின் தோலில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்கள் பார்த்தால் மட்டும் போதும். மற்றவர்கள் தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவம் அதற்கு ஈடாகாது. தவளையை வெறும் கையால் யாரும் எடுக்கக் கூடாது, கையில் உள்ள சோப்பும் மருந்தும் அதன் தோல் வழியே உள்ளே போய்விடும்.

கிளம்பும்போது பெட்டிகளையும் பூட்டுகளையும் எண்ணுங்கள். வீடு திரும்பியதும் தண்ணீர் வைத்து, எச்சத்தைப் பார்த்து, எந்த இடத்தில் விலங்கு மிரண்டது என்பதை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். அடுத்த பள்ளிக்கு எதை எடுத்துப்போவது என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.