பாட்டிக்கு மங்கு, பேரனுக்கு டியூஷன்

[திரையில்: கோலாலம்பூர், செந்தூல். இரவு 9 மணி. அடுக்குமாடியின் லிஃப்ட் திறக்கிறது. முதுகில் பையோடு ஒரு பையன்.]

என் அக்கா மகனுக்கு 10 வயது. காலையில் தமிழ்ப்பள்ளி, மாலையில் கணக்கு டியூஷன், வாரத்தில் இரண்டு நாள் அதற்கு மேல் மலாய் டியூஷன். அவன் வீடு வந்து சேரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவன் பாட்டி கேட்பார்: “வேலை முடிஞ்சுதாய்யா?”

நாங்கள் சிரிப்போம். ஆனால் சமூகவியல் படித்தவர்கள் இந்தக் கேள்விக்குச் சிரிக்க மாட்டார்கள். ஏன் என்று பார்ப்போம்.

[திரையில்: ரப்பர் மரங்கள், விடியலுக்கு முந்தைய இருட்டு.]

பாட்டியின் 10 வயது சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கழிந்தது. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. அவருடைய அம்மா பால்மரம் வெட்ட (பட்டையைக் கீறிப் பாலெடுக்க), பாட்டி நிரையில், அதாவது மர வரிசையில், முன்னால் ஓடுவார். மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். முந்தின நாள் மங்கில் உறைந்து கிடக்கும் பாலை விரலால் பிய்த்துக் கூடையில் போட்டு, மங்கைத் துடைத்து மரத்தில் வைக்க வேண்டும். கைக்குழந்தையான தம்பி ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்), சேலைத் தொட்டிலில். அப்புறம்தான் பள்ளிக்கூடம். எவ்வளவு தேய்த்தாலும் கையில் அந்த ரப்பர் பால் வாடை போகாது, சிலேட்டிலும் ஒட்டிக்கொள்ளும் என்பார்.

செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பாட்டிக்குப் பெயர் கிடையாது. அவர் துடைத்த மங்கெல்லாம் அம்மாவின் பாலோடு சேர்ந்து நிறுவைக்குப் போனது.

சரி, ‘பாவம், பாட்டிக்குக் குழந்தைப்பருவமே இல்லையே’ என்று தோன்றுகிறதா? இப்படித் தோன்றுவதே கொஞ்சம் புதுப் பழக்கம்.

1960-இல் பிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒரு குண்டைப் போட்டார். இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைகள் இருந்தார்கள், குழந்தைப்பருவம் என்ற எண்ணம் இருக்கவில்லை என்றார். பழைய ஓவியங்களைக் காட்டினார்: பிள்ளைகள் பெரியவர்களைச் சுருக்கி வைத்தது போல, அதே உடுப்பில் நிற்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டி, பிள்ளைகளைக் கொஞ்சிய, இழந்து அழுத பெற்றோரைக் காட்டி மறுத்தார்கள்.

நம்மிடம் கேட்டிருந்தாலும் மறுத்திருப்போம். 12-ஆம் நூற்றாண்டிலேயே ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தை தவழ்வதையும் கைதட்டுவதையும் பருவம் பருவமாகப் பிரித்து வைத்த இலக்கியம் அது. ஆனால் ஒன்று. அந்தப் பத்துப் பருவமும் தெய்வத்துக்கும் மன்னனுக்கும் பாடப்பட்டவை. மாடு மேய்த்த பிள்ளைக்கு யார் சப்பாணிப் பருவம் பாடினார்கள்? ஆக, கருத்து இருந்ததா என்பதைவிட யாருக்குக் கிடைத்தது என்று கேட்பது உபயோகமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

[திரையில்: ஒரு தராசு. ஒரு தட்டில் நாணயங்கள்.]

பிள்ளைகளைப் பார்க்கும் விதம் மாறியதைப் பணத்தை வைத்தே அளந்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் விவியானா செலிசர். அவர் எடுத்துக்காட்டிய இரண்டு வழக்குகளைக் கேளுங்கள். 1896-இல் ஜார்ஜியாவில் ரயில்வே விபத்தில் 2 வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் நஷ்டஈடு கேட்டார்கள். சம்பாதிக்கும் வயதில்லாத பிள்ளைக்கு நஷ்டஈடு எதற்கு என்றது நீதிமன்றம். 1979-இல் நியூயார்க்கில் 3 வயதுப் பிள்ளை இறந்த வழக்கில் பெற்றோருக்கு 7,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. அந்தப் பிள்ளையும் ஒரு காசு சம்பாதித்ததில்லை. வீட்டுக்கு வரவு கொண்டுவந்த பிள்ளை, செலவு மட்டுமே வைக்கும், ஆனால் விலைமதிப்பே இல்லாத பிள்ளையாக மாறியதைத்தான் செலிசர் 1985-இல் எழுதினார். அமெரிக்காவில் இது பெரும்பாலும் 1870-க்கும் 1930-க்கும் இடையில் நடந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையில் முடிந்துவிட்டது. மலேசியாவில் சிறார் வேலைச் சட்டம் 1966-இல் வந்தது. 2001-இன் சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் சிறார். தொடக்கப்பள்ளி 2003-இல்தான் கட்டாயமானது! சட்டம் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் செய்யும் லேசான வேலையைத் தடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் அம்மாவின் பூக்கடையில் சரத்துக்குப் பூ எடுத்துக் கொடுக்கும் சிறுமியைப் பார்த்து யாரும் புகார் கொடுப்பதில்லை.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். டென்மார்க்கின் சமூகவியலாளர் ஜென்ஸ் குவோர்ட்ரப் சொல்வது கிட்டத்தட்ட அவர் கேட்டதேதான். பிள்ளைகள் வேலையை விட்டுவிடவில்லை. வேலை தோட்டத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வகுப்பறைக்கு மாறியிருக்கிறது. நாளைய பொருளாதாரத்துக்குத் தேவையான உழைப்பாளியைப் பிள்ளை தன் உழைப்பாலேயே உருவாக்குகிறது. கூலிதான் இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் அது மாதம் 240 வெள்ளி (ரிங்கிட்) செலவு.

[திரையில்: அடுக்குமாடி நடைபாதை. சுவரில் ‘பந்து விளையாடாதீர்’ அறிவிப்பு.]

போன வாரம் அவன் பாட்டியிடம் கேட்டான்: “மங்கு தொடைச்சா எவ்ளோ குடுப்பாங்க?”

“எனக்கு எங்கய்யா குடுத்தாங்க? மத்தியானம் ஆத்துல குளிக்க விடுவாங்க.”

அவன் செருப்பைக் கழற்றியபடியே கொஞ்சம் யோசித்தான்.

“டெய்லியா?”